பச்சைக்கோடு விழுந்தவர் கவனத்துக்கு

தமிழ்நாடு அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப் அல்லது லேப்டாப் தருவதாகச் சொன்னது. அதற்கு முன்பே, 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய திட்டத்தில் பிள்ளைகள் கைக்குப் போன லேப்டாப்புகள் 50 லட்சத்தைத் தாண்டும். இவை போக, கோவில்பட்டிக் கடையில் தவணைக்கு எடுத்தது, தீபாவளித் தள்ளுபடியில் ஆன்லைனில் வாங்கியது எல்லாம் தனிக்கணக்கு. லேப்டாப்பைக் கொடுக்க அரசுக்குத் தெரியும். விற்கக் கம்பெனிக்குத் தெரியும். ஒருநாள் காலையில் திறந்ததும் திரையில் மேலிருந்து கீழே பச்சையாக ஒரு கோடு இறங்கி நின்றால் என்ன செய்வதென்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. கழுகுமலையில் குடியிருந்துகொண்டு அதைச் செய்வது எப்படி என்று யாருக்கும் யோசனையே வந்ததில்லை. பொதுநலன் கருதி அந்தக் குறை இங்கே தீர்த்து வைக்கப்படுகிறது.

முதல் விதி, தட்டக் கூடாது. எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லத்தான் வேண்டும். 2006-லிருந்து அரசு வீட்டுக்கு வீடு கொடுத்த 14 அங்குலக் கலர் டிவி, படம் ஆடினால் மண்டையில் ஒரு தட்டுக் கேட்கும். வாங்கிக்கொண்டு ஒழுங்காக ஓடும். அது குழாய் டிவி. உள்ளே ஈயம் வைத்த இடம் விட்டிருந்தால் தட்டின அதிர்ச்சியில் ஒட்டிக்கொள்ளும். அப்போது தட்டிப் பழகிய கைகள் இன்னும் ஓயவில்லை. லேப்டாப் திரை இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவப் படிகத்தை அடைத்துச் செய்தது. தட்டினால் ஒரு கோடு இரண்டாகும், ஓரத்திலிருந்து விரிசல் ஓடும், வாரண்டி அன்றைக்கே காலாவதியாகும். எதிர்வீட்டு மாமா அரிசிப் பானைக்குள் வைக்கச் சொல்வார். அது தண்ணீரில் விழுந்த செல்போனுக்குச் சொன்ன வைத்தியம். அதுவும் பலித்ததாகத் தெரியவில்லை. சித்தி, சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் காயவைக்கச் சொல்வார். வத்தலுக்குச் சரி. எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு லேப்டாப்பை மூடி வையுங்கள். மூடும் முன் விசைப்பலகை மேல் பேனா கிடக்கிறதா என்று பாருங்கள். உலகத்தில் பாதித் திரைகள் உடைவது அப்படித்தான் என்று சர்வீஸ்காரர்கள் சொல்வார்கள். மீதிப் பாதிக்கும் அதையே சொல்வார்கள்.

அடுத்து, உங்கள் கோட்டை நீங்கள் மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அது ஏனோதானோவென்று விழுந்த கோடு இல்லை. முழு எச்.டி. திரையில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப்புள்ளிகள். ஆக, மேலிருந்து கீழே இறங்கும் தடங்கள் மட்டும் 5,760. இவற்றுக்குச் சேதி அனுப்பும் சிப்புகள் மெல்லிய படலப் பட்டைகளில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பட்டைகளை மின்சாரம் கடத்தும் ஒருவகைப் பசையால், சூடும் அழுத்தமும் கொடுத்து, கண்ணாடியின் விளிம்பில் ஒட்டியிருப்பார்கள். ஒட்டு ஏதோ ஓர் இடத்தில் தளர்ந்தால் அந்தத் தடம் தன் இஷ்டத்துக்கு எரிய ஆரம்பிக்கும். பச்சைத் தடம் என்றால் பச்சைக்கோடு, சிவப்பு என்றால் சிவப்புக்கோடு. அந்த ஒட்டைத் திரும்பப் போட அதற்கென்று மெஷின் வேண்டும். கோவில்பட்டி மெயின் ரோட்டில் ஈயப்பற்று வைக்கும் தம்பி எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் அது அவர் வேலை இல்லை. அதனால்தான் கோடு விழுந்தால் முழுப் பேனலையும் மாற்றுகிறார்கள். ‘5,760-ல் ஒன்றுதானே சார் போச்சு, பாக்கி எல்லாம் நல்லாத்தானே இருக்கு?’ என்று ஒரு நாள் யாராவது உங்களிடம் கேட்கத்தான் போகிறார்கள். பதிலை இப்போதே தயார் செய்து வையுங்கள்.

கோடு இல்லாமல் புள்ளி மட்டும் செத்திருந்தால் உங்கள் நிலைமை இன்னும் மோசம். செத்த புள்ளிக்கென்று உலக அளவில் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். 2001-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 13406-2 என்ற தரவிதி திரைகளை நான்கு வகுப்பாகப் பிரித்தது. இரண்டாம் வகுப்பில் பத்து லட்சம் புள்ளிக்கு எப்போதும் எரிவது இரண்டு, எப்போதும் இருண்டிருப்பது இரண்டு, துணைப்புள்ளிக் கோளாறு ஐந்து வரை குற்றமே இல்லை. உங்கள் திரையில் இருப்பது 20 லட்சத்துச் சொச்சம் புள்ளி, இரட்டித்துக்கொள்ளுங்கள். 2008-ல் அந்த விதியை எடுத்துவிட்டு 9241 வரிசையைக் கொண்டுவந்தார்கள், ஆனால் மன்னிக்கும் குணம் மாறவில்லை. கம்பெனிகள் தங்கள் பங்குக்கு ஆளுக்கொரு எண்ணிக்கை வைத்திருக்கின்றன. ஒரு புள்ளிக்காகப் போராடுகிறவர் நியாயவாதி. ஆனாலும் அவருக்கு இந்த வழிகாட்டியால் பெரிய பயன் இல்லை. இது கோட்டுக்காரர்களுக்கானது.

என் அக்கா மகளுக்குப் பொறியியல் சேர்ந்த வருஷம் வாங்கிக்கொடுத்தது ஒன்று. வாங்கி ரெண்டு மாசம்கூட நிறையவில்லை, வலது ஓரத்திலிருந்து நாலு விரல் தள்ளிப் பச்சைக்கோடு. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். கோடு எந்தக் கம்பெனியிலும் விழும். கடைக்காரரிடம் போனோம்.

“நாங்க விக்கிறதோட சரி அண்ணாச்சி. கம்பெனிக்காரங்ககிட்ட பேசுங்க. பில்லுலயே போட்டுருக்கு பாருங்க.”

போட்டுத்தான் இருந்தது. விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது. கடலைமாவு வாங்கினாலும் லேப்டாப் வாங்கினாலும் பில்லின் காலடியில் இதே மந்திரம்தான். இதைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடக் கூடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடவடிக்கை. பில்லே கொடுக்காமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது. இதையெல்லாம் கடைக்காரரிடம் உரக்கச் சொல்ல வேண்டாம். நாளைக்குப் பிரிண்டர் மை வாங்கவும் அவர் கடைக்குத்தான் போக வேண்டும். மனசுக்குள் சொல்லிக்கொண்டு பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

பத்திரப்படுத்துவது என்றால் பீரோவில் வைத்துப் பூட்டுவது அல்ல. கடையில் கொடுப்பது பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் தாள். சூட்டில் தோன்றியது சூட்டிலேயே மறையும். நம் ஊரில் பங்குனி தொடங்கி ஆவணி வரை தகரக் கூரையின் கீழ் வைத்த பில், வாரண்டி முடிவதற்குள் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே செல்போனில் படம் எடுத்து, ஜெராக்ஸும் போட்டு வையுங்கள். நம் மலைமேல் ஏறிப் பாருங்கள். சமணத் திருமேனிகளுக்குக் கீழே வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள்: செய்வித்தவர் இன்னார், இன்ன ஊர்க்காரர், இன்னாருக்காகச் செய்தது. ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் வாசிக்க முடிகிறது. ஒரு பில்லுக்கு வேண்டியதில் விலையும் ஜி.எஸ்.டி.யும் மட்டும்தான் அதில் பாக்கி.

பில்லுக்கு அடுத்த சொத்து பெட்டி. அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளில் சீரியல் நம்பர் இருக்கும். லேப்டாப்பின் அடிவயிற்றிலும் அதே எண் உண்டு. எறும்பு எழுதினது போல இருக்கும், இரண்டாம் மாதத்தில் தேய்ந்தும் போகும். ஆகவே பெட்டி முக்கியம். கரிசல் வீடுகளில் நல்ல அட்டைப்பெட்டி ஒருவாரத்துக்கு மேல் சும்மா கிடக்காது. எங்கள் அக்கா வீட்டில் அதற்குள் கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. பதினோரு முட்டை. அடைக்கோழியை எழுப்பினால் அக்கா நம்மை எழுப்பிவிடுவாள். எழுப்பாமல், பக்கவாட்டில் செல்போனை நீட்டிப் படம் எடுப்பது சாத்தியம்தான். கோழி ஒரு முறை கொத்தும், அவ்வளவுதான்.

இனி நோய் எங்கே இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பகுதியில் விளையாட்டு இல்லை, சொன்னபடி செய்யுங்கள். ஒரு எச்.டி.எம்.ஐ. ஒயரை வாங்கி வீட்டு டிவியில் மாட்டுங்கள். டிவியிலும் கோடு வந்தால் கோளாறு உள்ளே, போர்டில். அது பெரிய செலவு. டிவியில் படம் சுத்தமாக இருந்தால் பேனல், இல்லையென்றால் பேனலுக்குப் போகும் ஒயர். மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்க்கும்போது கோடு வந்து வந்து போனால் ஒயரைச் சந்தேகப்படலாம்; அது கீல் வழியாகத்தான் போகிறது. பவரை அமுக்கியதும் விண்டோஸ் வருவதற்கு முன் கம்பெனி முத்திரை தெரியுமே, அப்போதே கோடு இருந்தால் மென்பொருளைக் குறை சொல்ல யாருக்கும் வழியில்லை. திரை முழுக்க இருட்டாக இருந்தால் செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் போனது பின்னொளி.

ஸ்கிரீன்ஷாட் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘கோட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க சார்’ என்று கேட்பார்கள். எடுத்தால் அதில் கோடு இருக்காது. ஸ்கிரீன்ஷாட் எடுப்பது கம்ப்யூட்டரின் மனசில் இருக்கும் படத்தை. கோடு இருப்பது கண்ணாடியில். உடம்புக்கு வந்ததை ஜாதகத்தில் தேடுவது மாதிரிதான். ஆனால் மறுக்காமல் அனுப்புங்கள், கூடவே செல்போனில் எடுத்த படத்தையும் வையுங்கள். ஒன்றில் கோடு இல்லை, மற்றதில் இருக்கிறது என்பதே குறை பேனல் பக்கம் என்பதற்குச் சாட்சி. கேட்டவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். எழுதி அனுப்புங்கள்.

இப்போது போன் செய்யலாம். காலை பத்து மணிக்கு மேல், வயிறு நிறைந்த பிறகு, பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரோடு. தமிழுக்கு எந்த எண் என்று சொல்வதற்குள் இரண்டு மொழிகளில் உங்களை வரவேற்றிருப்பார்கள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு குரல் சொல்லும். அந்த முக்கியத்துவத்தை நிரூபிக்க வெகுநேரம் பாட்டுப் போடுவார்கள். பிறகு ஒரு பெண்பிள்ளை வருவாள். மரியாதையான பிள்ளை; அவள் மேல் கோபப்படுவது பாவம். அவள் முன்னால் ஒரு தாள் இருக்கிறது, அதில் உள்ளதை அவள் கேட்டே ஆக வேண்டும்.

“சார், ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?”

“பார்த்தாச்சும்மா.”

“டிரைவர் அப்டேட் பண்ணுனீங்களா சார்?”

“பண்ணியாச்சு.”

“சார்ஜரைக் கழட்டிட்டு பவர் பட்டனை முப்பது செகண்ட் அழுத்திப் பிடிச்சீங்களா?”

“அம்மா, முத்திரை வரும்போதே கோடு தெரியுது. டிவியில மாட்டுனா தெரியல. பேனல்தான்.”

“ஓகே சார். விண்டோஸை ஒருதடவை புதுசா போட்டுப் பார்த்துருவோமா சார்?”

வாதாடாதீர்கள். விண்டோஸ் புதுசாகப் போட்டால் உங்கள் படம், பாட்டு, பிராஜெக்ட் எல்லாம் போகும், கோடு மட்டும் தங்கும். ‘அதைத் தவிர எல்லாம் பார்த்தாச்சு, ஆளை அனுப்பச் சொல்லும்மா’ என்று ஒரே வரியைச் சாந்தமாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஏழாவது முறைக்குப் பிறகு முகவரி கேட்பாள்.

இங்கேதான் ஊர் குறுக்கே வரும். ஆங்கிலத்தில் கழுகுமலைக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் புழக்கத்தில் உண்டு. சிலர் ‘ழு’வுக்கு எல் போடுவார்கள், சிலர் இசட்டும் எச்சும் போடுவார்கள். ஆதாரில் ஒன்று, பில்லில் ஒன்று, கம்பெனிக் கணினியில் மூன்றாவதாக ஒன்று. அவள் மாநிலம் எது என்றும் கேட்கக்கூடும், சொல்லுங்கள். முகவரி உறுதியானதும், ‘சார், உங்க பின்கோடுக்கு எங்க இன்ஜினியர் விசிட் காட்டல, பக்கத்துல இருக்கிற சென்டர் திருநெல்வேலி, நேர்ல கொண்டுவர முடியுமா?’ என்பாள். பதில் சொல்லும் முன் உங்கள் வாரண்டிச் சீட்டைப் பாருங்கள். ‘ஆன்சைட்’ என்று போட்டிருந்தால் ஆள் வீட்டுக்கு வர வேண்டும். ‘கேரி-இன்’ என்றிருந்தால் நீங்கள்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வாங்கும்போது விலையைப் பார்த்தோமே தவிர இந்த வார்த்தையை யார் பார்த்தது?

கம்பெனியின் கணக்கு இந்த இடத்தில்தான் இருக்கிறது. கழுகுமலையிலிருந்து கோவில்பட்டி இருபது கிலோமீட்டர் போல. அங்கே பஸ் மாறி நெல்லை. போக ஒரு தடவை, வாங்க ஒரு தடவை. லேப்டாப்பை மடியில் வைத்து வர ஒரு ஆள். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள் என்றால் இரண்டு நாள் கூலி. அப்பா பருத்திக்கு மருந்தடிக்க வேண்டிய வாரம். பஸ் காசையும் கூலியையும் கூட்டிப் பார்த்து, ‘கோடுதானே, ஓரமாத்தானே இருக்கு, அதுபாட்டுக்கு இருக்கட்டும்’ என்று பத்துப் பேரில் எட்டுப் பேர் முடிவுகட்டுவார்கள் என்று யாரோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து போட்ட கணக்கு போலத்தான் எனக்குப் படுகிறது. வாரண்டி என்ற சொத்தில் பாதி, கேட்காமல் விட்டவர்களின் பங்கு. நீங்கள் செய்ய வேண்டியது, கேட்பதற்கு ஆகும் செலவைக் குறைத்துக்கொள்வது. பஸ் ஏறுவதை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பியுங்கள்.

ஒவ்வொரு போனுக்கும் பின்னால் ஒரு மின்னஞ்சல். ‘இன்று தங்கள் பிரதிநிதியுடன் பேசியதன்படி’ என்று தொடங்கி, புகார் எண், சீரியல் எண், அவர் சொன்னது, நீங்கள் சொன்னது, நாலே வரி. கோபம் வேண்டாம், கோபத்துக்கு அவர்களிடம் தயாராக மன்னிப்புக் கடிதம் இருக்கிறது. தேதியும் எண்ணும்தான் அவர்களுக்குப் பிடிக்காத உணவு. ஆன்லைனில் வாங்கியவருக்கு ஒரு வசதி கூடுதல். 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின்படி அந்தத் தளம் ஒரு குறைதீர் அதிகாரியை வைத்திருக்க வேண்டும், அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததென்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அதிகாரியின் பெயர் தளத்தின் அடிப்பகுதியில், யாரும் தொடாத மூலையில் இருக்கும். தொடுங்கள்.

இதற்கிடையில் உங்கள் புகார், ‘தீர்க்கப்பட்டது’ என்று ஒரு குறுஞ்செய்தியோடு தானாக மூடிக்கொள்ளும். திடுக்கிட வேண்டாம். நம் மலையில் இருக்கும் வெட்டுவான் கோவிலையும்தான் உச்சியிலிருந்து வெட்டிக்கொண்டு வந்து பாதியில் நிறுத்தினார்கள். ஆனால் அதை முடித்தாயிற்று என்று பாண்டியன் குறுஞ்செய்தி அனுப்பவில்லை. உடனே பதில் போட்டுத் திறக்கச் சொல்லுங்கள். புதுப் புகார் எண் கொடுத்தால் வாங்கிக்கொண்டு பழைய எண்ணையும் விடாமல் எழுதுங்கள். புது எண்ணில் நீங்கள் நேற்றுப் பிறந்தவர். உங்கள் காத்திருப்பெல்லாம் பழைய எண்ணில்தான் இருக்கிறது.

ஒருநாள் இன்ஜினியர் வருவார். நெல்லையிலிருந்து பைக்கில் வரும் இருபத்துநாலு இருபத்தைந்து வயதுத் தம்பி. முதுகுப்பையில் திருப்புளிகள், முகமெல்லாம் கரிசல் புழுதி. மோர் கொடுங்கள். அக்கா கோவில்பட்டிக் கடலைமிட்டாய் எடுத்து வைத்தாள். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற பொருள். லஞ்சம் என்று எந்தச் சட்டத்திலும் வராது என்று நம்புகிறேன். அவர் லேப்டாப்பைத் திறப்பார். கோடு இருக்காது.

இது எல்லார் வீட்டிலும் நடக்கும். ஒட்டு தளர்ந்த திரை சிலது குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக இருக்கும், சூடேறினால்தான் சுயரூபம் காட்டும். ஆள் வருமுன்பே ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஏதாவது சினிமாவைப் போட்டு வையுங்கள். கோடு தெரிந்த நாளில் எடுத்த வீடியோ, தேதியோடு, கையில் தயாராக இருக்கட்டும். திரைச் சட்டகத்தின் கீழ் விளிம்பை அழுத்திக் கோட்டை வரவழைக்க மட்டும் முயற்சி செய்யாதீர்கள். ஏன் என்பது அவருடைய அடுத்த கேள்விகளில் தெரியும்.

“கீழ விழுந்துச்சாக்கா?”

“இல்ல தம்பி.”

“மேல யாரும் எதுவும் வச்சாங்களா? புக்கு, தலகாணி?”

“இல்ல.”

“தண்ணி கிண்ணி? எறும்பு?”

இவையெல்லாம் குசலம் விசாரிப்பு அல்ல. பயன்படுத்துகிறவரால் ஏற்பட்ட சேதம் என்பதை அவர்கள் பாஷையில் ‘சி.ஐ.டி.’ என்பார்கள். அந்த மூன்றெழுத்து அறிக்கையில் ஏறிவிட்டால் வாரண்டி அங்கேயே படுத்துவிடும், பேனல் காசை நீங்கள் கட்ட வேண்டும். திரையில் விரிசலோ, அழுத்திய இடத்தில் மை கசிந்தது மாதிரி கருப்போ இருந்தால் அதை எழுத அவருக்குக் காரணம் உண்டு. சுத்தமான கண்ணாடியில் நேர்க்கோடு மட்டும் என்றால் எழுதக் காரணம் இல்லை. அக்கா ஆரம்பித்துவிட்டாள்: “ஒருநாள் கட்டில்ல இருந்து லேசா...” வீட்டில் உண்மை விளம்பிகளை இந்த நேரத்தில் கடைக்கு அனுப்புவது நல்லது. (விழுந்தது பழைய லேப்டாப், அரசு கொடுத்தது, மூத்தவளுடையது. அது இன்னும் ஓடுகிறது.) அவர் எழுதும் அறிக்கையைக் கையெழுத்துப் போடும் முன் முழுக்கப் படியுங்கள். ஒப்பாத வரி இருந்தால் அதன் கீழே உங்கள் மறுப்பை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பேனல் மாற்ற உங்கள் பாஸ்வேர்டு தேவையில்லை. கேட்டால் நீங்களே திறந்து கொடுங்கள். முக்கியமானதையெல்லாம் முன்பே பென்டிரைவில் எடுத்து வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போகும்போது தம்பி, “அந்த வெட்டுவான் கோவிலுக்கு எப்படிண்ணாச்சி போகணும்?” என்று கேட்பார். வழி சொல்லுங்கள். பார்ட் வர வேண்டும், அவர் எப்படியும் மறுபடி வரப்போகிறார்.

பார்ட் வராவிட்டால், அல்லது வரவே வராது என்பது தெளிவாகிவிட்டால், 1915-க்குப் போன் போடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழில் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. உங்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். உங்கள் பத்து மின்னஞ்சலுக்கு அசையாத கம்பெனி, அரசாங்க முகவரியிலிருந்து ஒன்று போனதும் அசைவதைப் பார்க்கலாம். அசையாவிட்டால் ஒரு நோட்டீஸ். வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. குறை என்ன, கேட்பது என்ன, எத்தனை நாளுக்குள் என்று ஒரு பக்கத்தில் நீங்களே எழுதலாம். பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். அனுப்பிய ரசீதோடு, சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் எடுத்து வையுங்கள்.

அதற்கும் மேல் போனால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நமக்குத் தூத்துக்குடியில். மறுபடி பஸ்ஸா என்று கலங்க வேண்டாம். 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். விசாரணைக்குக் காணொளியில் வரவும் சட்டத்தில் இடமுண்டு. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1986 சட்டத்தில் எதிர்த்தரப்பு தொழில் நடத்தும் இடத்திலோ பிரச்சினை எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட முடிந்தது. 2019 சட்டம் வந்தபின், நீங்கள் குடியிருக்கும் இடமே போதும். கம்பெனிக்குத் தலைமையகம் பெங்களூரில் இருக்கட்டும், பெய்ஜிங்கில் இருக்கட்டும், தூத்துக்குடி வரை அவர்கள்தான் வர வேண்டும். மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதம். நடைமுறையில் கூடுதலாகலாம். குறை தோன்றி இரண்டு வருஷத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும் என்பதை மட்டும் காலண்டரில் குறித்துவையுங்கள். குறையைச் சரிசெய்யவோ, புதுப்பொருள் தரவோ, பணத்தை வட்டியோடு திருப்பவோ, நஷ்டஈடு கொடுக்கவோ ஆணையம் உத்தரவிடலாம். அந்த உத்தரவையும் மதிக்காவிட்டால் ஒரு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டுமே. இந்தப் பிரிவின் எண் 72. மின்னஞ்சலின் கடைசியில், சம்பந்தமே இல்லாதது போல, இதைக் குறிப்பிட்டு வைக்கலாம்.

பெரும்பாலும் அதுவரை போகாது. அக்கா மகளுக்குத் தூத்துக்குடி தேவைப்படவில்லை; 1915-க்குப் பேசிய அடுத்த வாரம் அதே தம்பி புதுப் பேனலோடு வந்துவிட்டார். புதுசு என்றால் பெட்டியில் வந்தது என்று அர்த்தம். பழுது பார்த்துத் திரும்ப வந்த பாகத்தைப் போட்டாலும் சரிதான் என்று வாரண்டிச் சீட்டின் பொடி எழுத்தில் இருக்கக்கூடும். மாட்டி முடித்ததும் உடனே ‘நல்லாருக்கு’ என்று சொல்லிவிடாதீர்கள். திரை முழுக்க வெள்ளை, பிறகு கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக ஓடவிட்டு, மூலை முடுக்கெல்லாம் பாருங்கள். மூடியைப் பலமுறை திறந்து மூடுங்கள். ஒருமுறை சூடேற விடுங்கள். மூன்றாவது கப் டீக்கும் தம்பி பொறுமையாக இருப்பார். எல்லாம் ஆன பிறகுதான் அவர் கேட்கும் ஓ.டி.பி.யைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்ன நொடியில் உங்கள் புகார் மூடிக்கொள்ளும். அதே கோடு இரண்டாம் தடவையும் வந்தால், இனி பேனல் வேண்டாம், மெஷினையே மாற்றித் தாருங்கள் என்று எழுத்தில் கேட்க உங்களுக்கு நியாயம் கூடிவிடுகிறது.

பையை மாட்டிக்கொண்டு தம்பி வாசலில் தயங்கி நின்றார். “அண்ணாச்சி, கம்பெனில இருந்து போன் வரும். பத்துக்கு எத்தனை மார்க்குன்னு கேப்பாங்க. பத்து போட்டுருங்க. எட்டு போட்டா எனக்கு ஃபெயில்.”

பத்தே போடுங்கள். வெயிலில் பைக் ஓட்டி வந்தவர் அவர். கம்பெனிக்கு என்று தனியாக ஒரு மார்க் இருக்கிறது அல்லவா, அதைப் புகார் எண்களோடு மின்னஞ்சலில் அனுப்பலாம்.